பிள்ளைகள் படித்து வாக்களிக்கும் படப் புத்தகங்கள்: தொடக்கப் பள்ளியில் நடத்தும் முறை

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம் ஐந்தாறு படப் புத்தகங்களைக் கொடுத்து, எல்லாவற்றையும் படிக்கவோ கேட்கவோ செய்து, கடைசியில் அவற்றுள் தங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்பதை ரகசிய வாக்கெடுப்பின் மூலம் அவர்களே தீர்மானிக்கும்படி விடுவது பல நாடுகளில் நெடுநாளாக நடந்துவரும் ஏற்பாடு. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில், சியாட்டில் நகரப் புத்தக வணிகர் ஒருவரின் முயற்சியால், இளம் வாசகர்களே தேர்ந்தெடுக்கும் விருது 1940-இல் தொடங்கியது. பிரிட்டனில் 1980 முதலும் பிரான்சில் 1988 முதலும் பிள்ளைகளின் வாக்கால் மட்டுமே முடிவாகும் விருதுகள் உள்ளன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நான்கு முதல் ஏழு வயது வரையுள்ளவர்களுக்கென்றே ஆண்டுதோறும் பத்துப் படப் புத்தகங்களைக் கொண்ட பட்டியல் வெளியாகிறது. அவற்றுள் ஐந்தையாவது படித்த அல்லது கேட்ட பிள்ளைக்குத்தான் அங்கே வாக்குரிமை உண்டு.

இதை நம் ஊர்த் தொடக்கப் பள்ளியிலும் நடத்தலாம். ஈராசிரியர் பள்ளியாக இருந்தாலும், முப்பது பிள்ளைகள்தான் இருந்தாலும் போதும். பெரிய செலவு இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்: வாக்குப்பெட்டியும் விரல் மையும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்பது உண்மைதான் என்றாலும், அந்த ஒரு நாளுக்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு பிள்ளையையும் ஏறக்குறைய ஒரே அளவில் சென்றடைந்திருந்தால்தான் அந்த வாக்குக்குப் பொருள் உண்டு. பாதிப் பிள்ளைகள் பாதிப் புத்தகங்களைப் பார்க்காமலே வாக்களித்தால், அது அட்டைப்படங்களுக்கிடையிலான போட்டியாகத்தான் முடியும். ஆகவே கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி வாக்கெடுப்பைப் பற்றியதாக இருக்காது.

பட்டியலைத் தயாரித்தல்

ஐந்து அல்லது ஆறு புத்தகங்கள் போதுமானவை. ஒன்டாரியோவைப் போலப் பத்து வைக்கலாமே என்று தோன்றும். நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு புத்தகத்துக்கு ஒரு படிதான் இருக்கும்; அதை எல்லாருடைய கைக்கும் கொண்டுசேர்க்கவே ஒரு வாரம் ஆகிவிடும். மேலும், ஆறு வயதுப் பிள்ளை முதல் வாரத்தில் கேட்ட கதையைப் பத்தாவது வாரத்தில் நினைவில் வைத்து ஒப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான்குக்குக் கீழே இறங்கினால் தேர்வு என்பதே மெலிந்துவிடும்.

புத்தகங்களுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்தின் கீழ் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கும், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளாகப் பிரிக்கப்பட்ட சிறு நூல்கள் ஏற்கெனவே பீரோவில் இருக்கும். முதலில் அவற்றை எடுத்துப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களை அப்படியே வைத்திருக்கும் வரை அவற்றை இலவசமாகப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ள உரிமமே அனுமதிக்கிறது. விலை கொடுத்து வாங்க முடிந்தவர்கள் தூலிகா, தாரா, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகிய பதிப்பகங்களின் பட்டியல்களைப் பார்க்கலாம். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு நேரில் போய்ப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. படப் புத்தகத்தை அட்டையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

எங்கிருந்து எடுத்தாலும், பட்டியலில் உள்ளவை ஏறத்தாழ ஒரே அளவிலும் ஒரே தரத் தாளிலும் இருக்கட்டும். வழவழப்பான தாளில் கெட்டி அட்டையோடு ஒரு பெரிய புத்தகத்தையும், நடுவில் பின் அடித்த மெல்லிய நூல்கள் ஐந்தையும் சேர்த்து வைத்தால், பிள்ளைகளின் கை பெரிய புத்தகத்துக்குத்தான் போகும். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய புத்தகத்தை விட்டுவிட மனம் வராவிட்டால், அதைப் போட்டிக்கு வெளியே வைத்து வேறொரு நாளில் வாசித்துக் காட்டுங்கள்.

புத்தகத்தை முதலில் வாய்விட்டு முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். தமிழில் கிடைக்கும் படப் புத்தகங்களில் கணிசமானவை ஆங்கிலத்திலிருந்தோ இந்தியிலிருந்தோ மொழிபெயர்க்கப்பட்டவை. அவற்றுள் நல்லவை, தமிழிலேயே பிறந்தவை போல நாவில் ஓடும். மற்றவை மூன்றாவது பக்கத்திலேயே தடுக்கும். நீங்கள் தடுக்கி விழும் வாக்கியத்தில் பிள்ளை நின்றே போய்விடும். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. ஸ்டோரிவீவரில் முதல் நிலை என்றால் 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை என்றால் 600 வரை என்று சொற்களின் எண்ணிக்கையை வைத்து நிலைகள் பிரிக்கப்பட்டுள்ளன. தமிழுக்கு இந்தக் கணக்கு முழுவதும் பொருந்தாது. 'பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம்' என்பது கணக்கில் ஒரே சொல். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ அது ஒரு முழு வாக்கியத்துக்குச் சமம். எனவே ஒரு பக்கத்தில் எத்தனை சொற்கள் என்று பார்ப்பதைவிட, அந்தப் பக்கத்தின் மிக நீண்ட சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று பார்ப்பது பயனுள்ளது. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்தாறு எழுத்துகளைத் தாண்டும் சொற்கள் அரிதாக வரும் புத்தகமே ஏற்றது.

பிறகு புத்தகத்தைக் கரும்பலகை ஓரமாகத் திறந்து வைத்துவிட்டுக் கடைசி வரிசைப் பிள்ளை உட்காரும் இடத்தில் நீங்கள் போய்த் தரையில் உட்காருங்கள். முக்கியமான உருவம் அங்கிருந்து தெரிகிறதா? எழுத்து அடர்த்தியான படத்தின் மீதே அச்சாகிக் கண்ணுக்குப் பிடிபடாமல் போகிறதா? நுணுக்கமான கோட்டோவியங்கள் கொண்ட அழகான புத்தகங்கள் சில, மடியில் வைத்துத் தனியாகப் பார்ப்பதற்கு மட்டுமே பொருந்துபவை. வகுப்பு முழுவதற்கும் காட்டும் பட்டியலில் அவை அடிபட்டுப்போகும்.

பட்டியல் ஒரே குரலில் பேசக் கூடாது. ஒரு வேடிக்கைக் கதை, ஒரு நாட்டார் கதை, சொற்களே இல்லாத ஒரு படக்கதை, எறும்பையோ மழையையோ பற்றிய ஓர் உண்மைத் தகவல் நூல், பாட்டாகப் போகும் ஒன்று, அழுகையோ பயமோ தனிமையோ வரும் ஒன்று என்று கலந்திருந்தால், வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும். படங்களில் உள்ள பிள்ளைகளின் நிறம், வீடு, உடை, சாப்பாடு ஆகியவற்றையும் பாருங்கள். ஆறு புத்தகங்களிலும் மாடி வீட்டுப் பிள்ளைகளே இருந்தால், ஆறிலும் ஓடுவதும் மரமேறுவதும் பையன்களாகவே இருந்தால், ஒன்றிரண்டை மாற்ற வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'ஆகவே பிள்ளைகளே, பொய் சொல்லக் கூடாது' என்று முடியும் நூல்களை நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. அப்படி ஒன்று இருந்தால், பிள்ளைகள் அதுதான் ஆசிரியருக்குப் பிடித்த பதில் என்று ஊகித்து அதற்கே வாக்களிக்கத் தொடங்குவார்கள்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் என வீட்டில் தமிழ் பேசாதவர்களும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலில் குறைந்தது இரண்டு நூல்களாவது அவர்கள் மொழியிலும் கிடைப்பவையாக இருக்கட்டும். ஸ்டோரிவீவரில் ஒரே கதை இந்தி, ஒடியா, தெலுங்கு எனப் பல மொழிகளில் இருப்பதுண்டு. தமிழ்ப் படியோடு அந்தப் படியையும் அச்சிட்டு வையுங்கள். அந்த மொழி தெரிந்த அக்காவோ அம்மாவோ ஒருநாள் வகுப்புக்கு வந்து அதைப் படித்துக் காட்டினால், அந்தப் பிள்ளை அன்று உட்காரும் தோரணையே வேறாக இருக்கும்.

பதினைந்து புத்தகங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு அவற்றை ஆறாகக் குறைக்கும் வேலையை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விடலாம். தம்பி தங்கைகளுக்கு எது பிடிக்கும் என்று அவர்கள் நடத்தும் விவாதம் நாம் நடத்துவதைவிடக் கூர்மையாக இருக்கும்.

காலம்

ஒன்றாம் வகுப்பையும் சேர்ப்பதாக இருந்தால் ஜூன், ஜூலையில் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கே அப்போதுதான் பழகிக்கொண்டிருப்பார்கள். நவம்பர் 14-இல் குழந்தைகள் தினமும் அன்று தொடங்கும் தேசிய நூலக வாரமும் வருவதால் அக்டோபர், நவம்பர் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் தீபாவளி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழைக்காக அறிவிக்கப்படும் விடுமுறைகளும் கடலோர மாவட்டங்களில் திட்டத்தைக் கலைத்துவிடும். எனக்குச் சரியாகப் படுவது, அரையாண்டு விடுமுறை முடிந்த ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி, உலகத் தாய்மொழி நாளான பிப்ரவரி 21-ஐ ஒட்டி வாக்கெடுப்பை வைப்பது. பொங்கல் வாரத்தைக் கழித்தாலும் ஆறு வாரங்கள் கிடைக்கும். அதற்குள் ஒன்றாம் வகுப்பிலும் பலர் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருப்பார்கள். முதல் ஐந்து வாரங்களில் ஆறு புத்தகங்களையும் முடித்துவிட்டு, சொற்களில்லாத நூலை வேறொன்றோடு ஒரே வாரத்தில் சேர்த்துக்கொண்டு, ஆறாவது வாரத்தை மறுவாசிப்புக்கென்று ஒதுக்குங்கள். அந்த ஆறாவது வாரத்தை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் கடைசியாகப் படித்த புத்தகத்துக்குக் காரணமே இல்லாமல் வாக்குகள் குவியும்.

வாசித்துக் காட்டுதல்

ஒவ்வொரு புத்தகத்தையும் ஒரு வாரத்தில் மூன்று முறை பிள்ளைகள் சந்திக்க வேண்டும். முதல் முறை, ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் தங்குதடையின்றி வாசித்துக் காட்டுவது. அட்டையைக் காட்டி, தலைப்பையும் எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சொல்லுங்கள். வரைந்தவர் பெயரை விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு; படப் புத்தகத்தில் அவர் பாதிக் கதையைச் சொல்கிறவர். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துத் தலைகீழாக எட்டிப் பார்த்துப் படிப்பதைவிட, தோளுக்குப் பக்கத்தில், அடிப்பகுதியின் நடுவை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டால், பக்கம் பிள்ளைகளை நோக்கியே இருக்கும்; நீங்கள் பக்கவாட்டில் பார்த்துப் படிக்கலாம். வரியைப் படித்து முடித்ததும் பக்கத்தை உடனே திருப்பிவிடாதீர்கள். புத்தகத்தை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி எல்லாருக்கும் காட்டுங்கள். படம் கண்ணுக்குள் போக, காதுக்குள் சொல் போவதைவிட அதிக நேரம் ஆகும். நல்ல படப் புத்தகத்தில், திருப்பப்போகும் பக்கத்தில்தான் வியப்பு ஒளிந்திருக்கும். பக்கத்தின் வலது மூலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நொடி நிறுத்தினால், பிள்ளைகளே முன்னால் சாய்ந்து அடுத்து என்ன என்று சொல்லத் தொடங்குவார்கள்.

நூலில் உள்ள வாக்கியத்தை உள்ளபடியே படியுங்கள். 'வந்தது' என்று அச்சில் இருப்பதை 'வந்துச்சு' என்று வரிக்கு வரி மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துத் தமிழின் ஓசை பிள்ளைகளின் காதில் விழுவதற்கு வகுப்பறையில் இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. கதையைத் திருப்பிச் சொல்லும்போது அவர்கள் தங்கள் பேச்சிலேயே சொல்லட்டும். அங்கே திருத்தம் எதுவும் செய்யாதீர்கள்.

இரண்டாம் முறை, ஓரிரு நாள் கழித்து, படங்களில் நின்று நின்று வாசிப்பது. இந்த முறைதான் பிள்ளைகள் நம்மை மிஞ்சும் நேரம். வரிகளில் ஒரு சொல்கூடக் குறிப்பிடாத ஒரு பூனை ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நடந்துகொண்டிருப்பதை, அதற்கு முன் பலமுறை அந்தப் புத்தகத்தைப் படித்திருந்த நான் பார்த்திருக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து வந்து பக்கத்தின் மீது விரல் வைத்து, 'இது கூடவே வருது, டீச்சர்' என்றாள். வகுப்பே புத்தகத்தை முதலிலிருந்து திருப்பச் சொல்லிப் பூனையைத் தேடியது. வாக்குக்கான காரணங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

மூன்றாம் முறை, இருவர் இருவராகக் கையில் வைத்துப் பார்ப்பது. ஒரே படிதான் இருக்கிறது என்றால், இடைவேளைகளில் முறைவைத்துக் கொடுக்கலாம். ஸ்டோரிவீவர் நூல்களாக இருந்தால் இரண்டு மூன்று படிகள் அச்சிட்டுக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரும் ஜோடியாக உட்காரும் ஏற்பாடு இருவருக்குமே நல்லது. புத்தகம் கிழிந்துவிடும் என்ற பயத்தில் பீரோவைப் பூட்டி வைக்கும் பள்ளிகள் நிறைய உண்டு. அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பக்கம் திருப்பும் முறையை முதல் நாளே காட்டிக்கொடுத்து, கிழிந்த பக்கத்தை ஒட்டும் வேலையை இரண்டு பிள்ளைகளிடம் பொறுப்பாக ஒப்படைத்துவிட்டால், சேதம் நாம் பயந்த அளவுக்கு ஆகாது. கொஞ்சம் கிழியத்தான் செய்யும். தலைமையாசிரியரிடம் அதை முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

நடுநிலை என்பது குரலிலும் இருக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த புத்தகத்தை நீங்கள் அறியாமலே நன்றாக வாசிப்பீர்கள். அதற்கு நல்ல நேரத்தையும் ஒதுக்குவீர்கள். எனவே எல்லா நூல்களையும் ஒரே பாடவேளையில், உதாரணமாகக் காலை முதல் இடைவேளைக்குப் பிந்தைய அரைமணி நேரத்தில், வாசியுங்கள். மதிய உணவுக்குப் பின் தூக்கம் வரும் வேளையில் ஒரு புத்தகத்தை வாசித்தால் அதன் கதி அப்போதே முடிந்துவிட்டது. இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் மாறி மாறி வாசிக்கலாம். 'உங்களுக்கு எது பிடிக்கும், டீச்சர்?' என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வாக்கெடுப்பு முடிந்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, முடிந்த பிறகு மறக்காமல் சொல்லுங்கள்.

யார் எதைப் படித்தார்கள் என்பதைக் குறித்து வைக்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைத்தாள் அட்டை ஒன்று கொடுங்கள். அதில் ஆறு அட்டைப்படங்களும் சிறிதாக இருக்கட்டும். கேட்டு, கையில் வைத்தும் பார்த்து முடித்த நூலின் படத்துக்குப் பிள்ளை வண்ணம் தீட்டும். ஆறில் ஐந்தாவது தீட்டியிருந்தால் வாக்கு உண்டு என்று விதி வைக்கலாம். ஆனால் விதி, பிள்ளையை விலக்குவதற்கு உரியது அன்று; விடுப்பில் இருந்தவரை அழைத்து உட்காரவைத்துப் படித்துக் காட்ட வேண்டும் என்று நமக்கு நினைவூட்டுவதற்கு உரியது. காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளைக்கு மதிய இடைவேளையில் இரண்டு கதைகளைப் படித்துக் காட்டிவிடலாம்.

பேசவிடுதல்

'ஏன் பிடித்தது?' என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடும். 'எந்தப் பக்கத்தை மறுபடி பார்க்கலாம்?' என்று கேட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். பிள்ளை நேராக அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும். பேச்சு அங்கிருந்து தானாக வரும். 'எது புரியவில்லை?', 'இந்தக் கதையில் உனக்குப் பிடிக்காத ஆள் யார்?', 'இதுபோல் நம் ஊரில் எங்காவது பார்த்திருக்கிறாயா?' என்பவையும் நல்ல கேள்விகள். புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையை மறுத்துப் பேசாதீர்கள். பாடப்புத்தகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல அதற்கு வாய்ப்பே இல்லை. இங்கே மட்டுமாவது இருக்கட்டும்.

கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதும், வினாடிவினா வைப்பதும், அதிகம் படித்தவருக்குப் பரிசு கொடுப்பதும் வேண்டாம். மூன்றில் எதைச் சேர்த்தாலும் பிள்ளைகளின் கவனம் புத்தகத்தை விட்டு விலகித் தங்கள் மதிப்பெண்ணின் பக்கம் போய்விடும். விரும்பியவர்கள் படம் வரையட்டும், கதையை நடித்துக் காட்டட்டும்.

ஆறாவது வாரத்தில் எல்லாப் புத்தகங்களையும் வகுப்பின் நடுவில் பாயில் விரித்து வையுங்கள். தினமும் அரைமணி நேரம், யார் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். மூலையில் நின்று கவனியுங்கள். எதை எடுக்கிறார்கள், எதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாக்கு எண்ணிக்கை சொல்லாத பலவற்றை இந்த நோட்டு சொல்லும். இந்த வாரத்தில் பிரச்சாரத்துக்கும் இடம் தரலாம்: ஒரு புத்தகத்துக்கு ஆதரவாகப் பேச விரும்பும் பிள்ளை, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசலாம். பிற புத்தகத்தைக் குறைத்துப் பேசக் கூடாது என்ற ஒரே விதி போதும்.

வாக்கெடுப்பு

1951–52-இல் நடந்த இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து அதன் மீது அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். வாக்காளர் சீட்டில் எதையும் குறிக்க வேண்டியதில்லை. விரும்பிய பெட்டியில் போட்டால் போதும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆறு அட்டைப்பெட்டிகளின் மீது ஆறு அட்டைப்படங்களை ஒட்டி, மேல்பக்கம் சிறு துளை போட்டு, மறைவுக்குப் பின்னால் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புளியங்கொட்டை கொடுத்தால் அதுவே வாக்கு. பெட்டிக்குள் விழும் சத்தம் வெளியே கேட்காதபடி அடியில் பழந்துணி போட்டு வையுங்கள். சத்தத்தை வைத்து எந்தப் பெட்டி நிறைகிறது என்று கண்டுபிடிக்கும் காது பிள்ளைகளுக்கு உண்டு.

மூன்றாம் வகுப்புக்கு வாக்குச்சீட்டே கொடுக்கலாம். ஏ4 தாளின் பாதியில் ஆறு அட்டைப்படங்கள், கீழே தலைப்புகள். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் அடர்நிற அட்டைகள் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். ஒரு சீட்டை முதலில் அச்சிட்டுப் பிள்ளை ஒருவரிடம் காட்டி, எது எந்தப் புத்தகம் என்று தெரிகிறதா என்று கேட்டுவிடுங்கள். பேனாவால் குறியிடுவதைவிட, விரும்பிய படத்தின் மீது ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டுவது எளிது; எதில் ஒட்டினார்கள் என்பதில் பின்னால் சந்தேகமும் வராது. முதலில் இருக்கும் படத்துக்கு இயல்பாகவே சற்றுக் கூடுதல் வாக்குகள் விழும் என்பதால், படங்களின் வரிசையை மாற்றி இரண்டு மூன்று வகையாக அச்சிட்டுக் கலந்து கொடுங்கள். ஒருவருக்கு ஒரு வாக்குதான். முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று வரிசைப்படுத்தும் முறை நான்காம் வகுப்புக்கு மேல் சரிப்படும்.

மறைவுக்கு இரண்டு பெஞ்சுகளுக்கிடையே கட்டிய புடவை போதும். மறைவு விளையாட்டுக்காக வைப்பதன்று. நண்பன் எதில் போட்டான் என்று தெரிந்தால் பாதி வகுப்பு அதிலேயே போடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்தல் அலுவலர்களாக இருந்து, வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்த வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துக் குறித்து, புளியங்கொட்டையோ சீட்டோ கொடுத்து, இடது ஆட்காட்டி விரல் நகத்தில் புள்ளி வைக்கட்டும். அந்தப் புள்ளிக்குத் தண்ணீரில் கழுவினால் போகும் ஸ்கெட்ச் பேனாவே போதும். தேர்தல் மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. விரலை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பெட்டிகளின் மீது தடவி அறியக்கூடிய அடையாளம் ஒன்றை, ஒன்றில் மணல் தாள், ஒன்றில் பஞ்சு, ஒன்றில் கயிறு என, வாசிப்பு வாரத்திலேயே அந்தந்தப் புத்தகத்தோடு பழக்கப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு துணை உள்ளே போகலாம். அந்தத் துணையை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

எண்ணிக்கையும் அதன் பிறகும்

எண்ணுவதை எல்லார் முன்னிலையிலும் செய்யுங்கள். பெட்டியைக் கவிழ்த்து, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக வரிசையாக அடுக்கினால், தரையிலேயே ஒரு பட்டை வரைபடம் உருவாகிவிடும். மூன்றாம் வகுப்பு அதை அப்படியே தாளில் வரைந்துகொள்ளலாம். வகுப்புவாரியான கணக்கையும் எழுதி வையுங்கள். ஒன்றாம் வகுப்பு ஒரு புத்தகத்தையும் மூன்றாம் வகுப்பு வேறொன்றையும் தேர்ந்தெடுத்திருப்பது அடிக்கடி நடக்கும்.

சமநிலை வந்தால் இரண்டையும் வெற்றி பெற்றவையாக அறிவிப்பதே நல்லது. நம் தேர்தல் சட்டத்தில் சமநிலையைக் குலுக்கலால் தீர்க்கும் வழி உண்டுதான். ஆனால் இங்கே பதவி ஒன்றுதான் என்ற கட்டாயம் இல்லை. எல்லா எண்ணிக்கையையும் சுவரில் ஒட்டுங்கள். இரண்டே வாக்கு பெற்ற புத்தகத்தை மறைக்க வேண்டாம். அந்த இருவர் யார் என்று கேட்கவும் வேண்டாம். அவர்களே முன்வந்து சொன்னால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக முதல் உரிமை அவர்களுக்குத் தரலாம்.

முடிவுக்கு உடனே ஒரு விளைவு இருக்க வேண்டும். வெற்றி பெற்ற நூலுக்கு இரண்டாம் படி வாங்குவது, மறுநாளே வகுப்பு முழுவதும் அதை மீண்டும் வாசிப்பது, அதே எழுத்தாளர் அல்லது அதே ஓவியரின் வேறு நூல்களைத் தேடி வாங்குவது ஆகியவற்றுள் ஒன்றையாவது செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே முடிவை அறிவித்து, வென்ற கதையைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டினால், அடுத்த ஆண்டுப் புத்தகங்களுக்குப் பணம் தர ஊரில் யாராவது முன்வரக்கூடும்.

பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் சேர்த்து எழுத வேண்டும். எத்தனை பிள்ளைகள் வாக்களித்தார்கள், எந்தப் பக்கத்தை அதிகம் பேர் மறுபடி பார்க்கக் கேட்டார்கள், எந்த வரி வாசிக்கக் கடினமாக இருந்தது என்பவற்றைப் பிள்ளைகளின் சொற்களிலேயே, அவர்கள் வரைந்த படங்களோடு அனுப்புங்கள். தமிழில் சிறுவர்க்கான படப் புத்தகம் உருவாக்குவோருக்குப் பெரியவர்களின் மதிப்புரைகள் கிடைப்பதே அரிது. ஆறு வயது வாசகரின் கருத்து கிடைப்பது அதைவிட அரிது.

ஆறாவது வாரத்து நோட்டையும் வகுப்புவாரி எண்ணிக்கையையும் பீரோவில் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு பட்டியல் தயாரிக்கும்போது அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். உண்மைத் தகவல் நூலை யாரும் எடுக்கவில்லை என்றால், பிள்ளைகளுக்கு அந்த வகையே பிடிக்காது என்று முடிவு கட்டாமல், அடுத்த முறை வேறு படங்களோடு, வேறு பொருளில் ஒன்றை வைத்துப் பாருங்கள். எல்லாருடைய கையிலும் சுற்றிய புத்தகம் வாக்கில் மூன்றாமிடம் பெற்றிருந்தால், அதன் இன்னொரு படியை வாங்கி ஒன்றாம் வகுப்பின் சன்னலோரத்தில் வையுங்கள்.